கொடுக்கில்லாதவனுக்கும் ஒரு போலி

(பேராக், சுங்கை சிப்புட் பக்கம். அந்தக் காலத்தில் பால்மரத் தோட்டம், இப்போது செம்பனை. பழைய லயத்துப் பின்கட்டில் கெலுலுட் தேனீக் கட்டைகள். காவலுக்கு ஓய்வுபெற்ற தண்டல். ஈப்போவிலிருந்து வலையும் குப்பியுமாக ஓர் ஆய்வு மாணவி.)

மாணவி: அசையாதீங்க தாத்தா! அந்த மரவள்ளி இலையில ஒண்ணு.

தண்டல்: நம்ம கெலுலுட்தான் லா.

மாணவி: தேனீயே இல்ல, ஈ. சிர்ஃபிட் ஈ, கெலுலுட் வேஷத்துல.

தண்டல்: கொடுக்கில்லாத பூச்சிக்கு வேஷமா? வேஷம்னா துரை வேஷம் போடுவான். பால்வெட்டுக்காரன் வேஷம் எவன்மா போடுவான்?

மாணவி: கட்டையைத் தட்டிப் பாருங்க. படையா வந்து முடியில, காதுல புகுந்து கடிக்கும்; பிசினையும் அப்பும். பட்டவன் மறுபடி கிட்ட வரமாட்டான். இந்த மாதிரி வேஷத்தைத்தான் அமேசான் வண்ணத்துப்பூச்சிங்ககிட்ட பார்த்துட்டு 1862ல பேட்ஸ்னு ஒருத்தர் எழுதினாரு.

தண்டல்: சரிதான். தனி ஆளா போனா எவன் மதிக்கிறான்? கூட்டமா போனப்ப துரையே பங்களாக் கதவைச் சாத்திக்கிட்டாரு. அது கிடக்கட்டும், நீ எப்படிக் கண்டுபிடிச்ச?

மாணவி: இந்தாங்க லென்ஸ். தேனீக்கு நாலு இறக்கை. பறக்கும்போது முன்னதும் பின்னதும் கொக்கியால மாட்டிக்கும். இதுக்கு ரெண்டே. பின்னிறக்கை இருக்கவேண்டிய இடத்துல குண்டூசித் தலை மாதிரி ஒரு மொட்டு. இறக்கை நடுவுல பாருங்க, எங்கேயும் போய்ச் சேராம ஒரு நரம்பு அந்தரத்துல நிக்குதா? அது நரம்பே இல்ல, மடிப்பு. போலி நரம்புன்னு பேரு. அது இருந்தா அநேகமா சிர்ஃபிட் குடும்பம்தான்.

தண்டல்: போலித் தேனீ யாருன்னு சொல்லப் போலி நரம்பு சாட்சியா! நல்ல கோர்ட்டு.

மாணவி: கிராப்டோமைசா பேரினமா இருக்கலாம். 1820ல வீடெமன்னு ஒரு ஜெர்மன்காரர் வெச்ச பேரு. மலாயாத் தீபகற்பத்து சிர்ஃபிட் ஈக்களை மொத்தமா வகைப்படுத்தினவர் கரன், கனடாக்காரர், 1928. கெலுலுட் வகையறாவை 1939ல ஷ்வார்ட்ஸ் வகைப்படுத்தினாரு. ரெண்டு பேருமே நியூயார்க்ல ஒரே அருங்காட்சியகத்து ஆளுங்க.

தண்டல்: அசலுக்கும் போலிக்கும் ஒரே ஆபீஸ். தேன் வியாபாரம் மாதிரியே இருக்கே!

மாணவி: கெலுலுட் தேனுக்குத்தான் 2017லயே மலேசியத் தரம் வந்துருச்சே, எம்எஸ் 2683.

தண்டல்: சீனிப்பாகு பாட்டில்ல அந்தச் சீட்டு ஒட்டாதா?

மாணவி: படிச்சவங்களே ஏமாந்திருக்காங்க தாத்தா. மைக்ரோடான்னு இன்னொரு சிர்ஃபிட். அதோட புழு எறும்புப் புத்துல, காலே தெரியாம, தட்டையா ஊரும். 1820கள்ல ஜெர்மனியில அதை நத்தை வகையில சேர்த்துப் பேரே வெச்சுட்டாங்க.

தண்டல்: குடியிருந்தது எறும்பு வீட்டுல, பதிவு நத்தைன்னு, கடைசியில பார்த்தா ஈ. பதிவைத் திருத்தினாங்களா?

மாணவி: திருத்தாம? உடனே இல்ல, ஆனா திருத்திட்டாங்க.

தண்டல்: நான் இந்த லயத்துலதான் பொறந்தேன். சூராப் பேரான், அதான் பொறப்புப் பத்திரம், இல்லைன்னு இன்னைக்கும் குடியுரிமை இல்லாத சிவப்பு ஐசி. நான் போட்ட ஃபாரத்தை வாங்கி வெச்ச கிராணிங்க எல்லாம் பென்ஷன்ல போயிட்டாங்க. ஒரு ஈக்குப் பேர் பதிய என்னம்மா பத்திரம் கேக்குறாங்க?

மாணவி: பத்திரமெல்லாம் இல்ல. முதல் மாதிரின்னு ஒண்ணை அருங்காட்சியகத்துல வெக்கணும். எந்த ஊரு, எந்தத் தேதி, யார் பிடிச்சதுன்னு ஒரு துண்டுச் சீட்டு. பின்னால எவனுக்குச் சந்தேகம் வந்தாலும் அதைத்தான் எடுத்துப் பார்க்கணும்.

தண்டல்: அவ்வளவுதானா? ‘சுங்கை சிப்புட்டில் பிடித்தது’ன்னு எனக்கும் ஒரு சீட்டு எழுதேன். நீயே கையெழுத்துப் போடு.

மாணவி: எழுதலாம் தாத்தா. ஆனா முதல்ல குப்பியில போட்டுக் கொல்லணும். அப்புறம் நெஞ்சுல ஊசி இறக்கணும்.

தண்டல்: சிவப்பே இருக்கட்டும்மா.