'போலாம் ரைட்': ஓர் இலக்கண ஆராய்ச்சி

தமிழ்நாட்டில் ஒரு டவுன் பஸ் நகர்வதற்கு டீசலும் டிரைவரும் போதா என்பது அறிஞர் யாவரும் ஒப்பிய முடிபு. 'ரைட்' என்ற சொல்லும் வேண்டும். ஆங்கில அகராதிகள் இதற்கு வலப்பக்கம், சரி, உரிமை என்றெல்லாம் பொருள் அடுக்கிவிட்டு, 'வண்டியை எடு' என்ற தலையாய பொருளைக் கோட்டைவிட்டன. தொகுத்தவர்கள் எவரும் நம் பஸ்ஸில் ஏறியதில்லை என்றே கொள்ளவேண்டியிருக்கிறது.

வலப்பக்கம் என்ற பொருளை முதலில் தள்ளிவிடுவோம். நம் ஊரில் வண்டி சாலையின் இடப்பக்கம் போகிறது, படிக்கட்டும் இடப்பக்கமே. அந்த இடது படியில் தொங்கியபடிதான் கண்டக்டர் 'ரைட்' என்கிறார். டிரைவர் அதைத் திசையாக எடுத்துக்கொண்டால், ஒவ்வொரு ஸ்டாப்பிங்கிலும் வண்டி நடுச்சுவரில் ஏறும். (சில நாள் ஏறத்தான் செய்கிறது, அதற்குக் காரணங்கள் வேறு.) சொல்லின் பிறப்பிடம் ரயில்வே என்பது என் துணிபு. கார்டும் எஞ்சின் டிரைவரும் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளும் சைகையை ரயில்வே விதிகள் 'ஆல் ரைட்' என்றே குறிக்கின்றன. தண்டவாளத்திலிருந்து தார்ச்சாலைக்கு மாறியபோது 'ஆல்' எங்கோ இறங்கிக்கொண்டது. 1997-ல் போக்குவரத்துக் கழகங்களின் பெயரிலிருந்து சேரனும் சோழனும் பாண்டியனும் போனார்கள். மூவேந்தரே போன வண்டியில் 'ரைட்' மட்டும் இன்னும் பாஸ் வைத்திருக்கிறது.

இனி 'போலாம் ரைட்'. இரண்டும் ஒரு பொருளே எனின், இரண்டு எதற்கு என்பார் உளர். அன்னாருக்கு ஒருபொருட் பன்மொழி என்பதே விடை. 'நடுமையம்' இலக்கணமானால் 'நடுசென்டர்' எப்படிப் பிழையாகும்? 'கேட்டு வாசல்' எப்படிப் பிழையாகும்? இந்த நல்ல குடியில் பிறந்ததே 'போலாம் ரைட்'. அவசரத்தில் இதுவே 'ரைட் ரைட்' என அடுக்குத்தொடராகும். விசில் ஆனால் இரண்டு ஊதல். தனியார் பஸ் ஆனால் தகரத்தில் இரண்டு தட்டு.

எதிர்ச்சொல் 'ஹோல்டான்'. ஒரு விசில், ஒரு தட்டு. முதலெழுத்தை நம் நாக்கு மதிப்பதில்லை என்பதால் பெரும்பாலும் 'ஓல்டான்'. வந்தான், கண்டான், ஓல்டான் என்று இது ஆண்பால் வினைமுற்றாகவே நிற்கிறது. ஓல்டியவன் யார் என்பது மட்டும் தெரியவில்லை. டெலிபோனில் இதே ஆங்கிலச் சொல்லுக்குக் காத்திருத்தல் என்று பொருள். பஸ்ஸில் உடனே பிரேக் என்று பொருள். போனில் ஹோல்டு செய்தவரை நம்பி ஏமாறலாம், பஸ்ஸில் ஓல்டானை நம்பாதவர் முன் கம்பியில் மூக்கை இடிப்பார்.

பின்னோக்கி எடுக்கும்போது மொழி தலைகீழாகிறது. முன்னே போவதற்குப் 'போலாம்', பின்னே போவதற்கு 'வரலாம், வரலாம்'. 'ரைட்ல ஒடி' என்ற கட்டளையில் மட்டும் வலப்பக்கம் தன் பழைய பொருளோடு உயிர்த்தெழுகிறது. இந்த நேரத்தில் யாராவது வெறுமனே 'ரைட்' என்று சொல்லித் தொலைத்தால், பின்னால் நிற்கும் டீக்கடைக்கு உத்தரவாதம் இல்லை.

ஆய்வாளர்கள் பலர் குழம்புவது 'ரைட்'டுக்கும் 'ரைட்டு'க்கும் இடையில். ஈற்றில் ஒட்டியது குற்றியலுகரம்; அரை மாத்திரை. பஸ்ஸுக்கு அந்த அரை மாத்திரை அவகாசம்கூட இல்லை. 'ரைட்டு' சொல்பவருக்கு நிறையவே இருக்கிறது. கொடுத்த கடன் இந்த மாதமும் வராது என்று கேட்டவர், 'ரைட்டு' என்பார். சம்பந்தம் கலைந்த வீட்டில் மாமா 'ரைட்டு விடு' என்பார். வண்டியைக் கிளப்பிய சொல்லே இங்கே பேச்சை நிறுத்துகிறது. ஒரு சொல் தன் எதிர்ச்சொல்லின் வேலையையும் சேர்த்துப் பார்ப்பது தொழிற்சங்க விதிகளுக்கு உட்பட்டதா என்பதைச் சட்டம் படித்தவர்கள்தான் சொல்லவேண்டும்.

கடைசியாக, உச்சரிக்கும் உரிமை யாருக்கு? கண்டக்டர் கீழே இறங்கி டீ குடிக்கையில், பின்படிக் கல்லூரி மாணவன் ஒருவன் குரல் மாற்றி 'ரைட்' என்கிறான். வண்டி கிளம்புகிறது. சொல்லுக்குத் தனி ஆற்றல் உண்டு, சொல்பவர் எவராயினும் பொருட்டில்லை என்பது இதனால் நிறுவப்படும். அடுத்த சிக்னலில் ஆட்டோவில் வந்து ஏறும் கண்டக்டர் இந்த முடிபை ஏற்பதில்லை. 'எவன்டா ரைட் சொன்னது?' என்ற அவருடைய ஆய்வுக் கேள்விக்கு, அறுபது பேர் இருந்தும், பின்படியிலிருந்து முன்சீட்டு வரை ஒருவரும் கருத்துரைக்கவில்லை.