மூன்று ஒன்பதும் ஒரு கிரைண்டரும்

என் உத்தியோகம் இன்னதென்று என் தாயாருக்கு விளக்கிச் சொல்வதற்காக நான் இத்தனை வருஷங்களில் செய்திருக்கும் பிரயத்தனங்களை நினைத்துப் பார்த்தால், அந்த உத்தியோகத்தைப் பார்ப்பதில் உள்ள சிரமம் ஒரு சிரமமே அல்ல என்று தோன்றுகிறது. பெங்களூர் ஒயிட்பீல்டில், கண்ணாடியாலேயே சுவர் எழுப்பிய ஒரு கட்டடத்தின் ஏழாவது மாடியில் அமர்ந்து மென்பொருள் எழுதுவது அதில் ஒரு பாதி. எழுதிய மென்பொருள், நான் கண்ணால் கண்டிராத தேசங்களில் உள்ள கணினிகளில் அல்லும் பகலும் நின்றுபோகாமல் ஓடுகிறதா என்று காவல் இருப்பது மறுபாதி. நின்றுபோனால் நள்ளிரவானாலும் என் கைப்பேசி அலறும். நான் எழுந்து ஹாலில் உட்கார்ந்து, இருட்டில் முகம் மட்டும் வெளிச்சமாக, பிசாசு பிடித்தவனைப் போல் தட்டிக்கொண்டிருப்பேன். "ராத்திரியில எழுப்பறாங்கன்னா ஒண்ணு டாக்டரா இருக்கோணும், இல்லாட்டி வாட்ச்மேனா இருக்கோணும், நீ டாக்டருக்குப் படிக்கலையே கண்ணு?" என்று அம்மா ஒரு நாள் கேட்டார். யோசித்துப் பார்த்ததில், என் உத்தியோகத்துக்கு அதைவிடச் சுருக்கமான இலக்கணம் எனக்கும் அகப்படவில்லை.

எங்கள் வர்க்கத்தாருக்குள் கௌரவம் என்பது ஒன்பதுகளால் அளக்கப்படுகிறது. ஒரு கணினி ஏற்பாடு வருஷத்தில் நூற்றுக்கு 99.9 பங்கு நேரம் பழுதின்றி இயங்கினால் அதற்கு மூன்று ஒன்பது என்று பெயர். அதாவது, வருஷம் முழுவதிலும் சேர்த்து 8 மணி 45 நிமிஷத்துக்கு மேல் அது படுத்துக்கொள்ளக் கூடாது. நான்கு ஒன்பது என்றால் அந்தச் சலுகை 53 நிமிஷமாகச் சுருங்கும். ஐந்து ஒன்பது என்று மார்தட்டுகிறவர்களுக்கு வருஷத்துக்கு ஐந்தே கால் நிமிஷந்தான். அதற்குள் ஒரு டம்ளர் காப்பியைக்கூட ஆற்றிக் குடித்துவிட முடியாது. நான் மூன்று ஒன்பதுக்காரன். இதற்காக ஆபீஸில் எனக்கு ஒருமுறை கேடயம் கொடுத்தார்கள். அது இப்போது எங்கள் பால்கனிக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறது.

இப்பேர்ப்பட்ட எனக்கு, சொந்த வீட்டாரின் நடுவே, உள்ளங்கையில் அடங்குகிற ஒரே ஒரு கணினியை நிற்காமல் ஓடச் செய்ய முடியவில்லை.

நாங்கள் குடியிருப்பது அல்சூர் ஏரிக்கு அருகே ஒரு பழைய வீட்டின் மாடிப்பகுதி. சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் கொண்டுவந்து 1905-ஆம் ஆண்டிலேயே தெருவிளக்கு ஏற்றிய பெருமை இந்நகரத்துக்கு உண்டு. அந்த மின்சாரம் அதன்பின் மெல்ல நடந்து எங்கள் வீட்டை வந்தடைந்தபோது, ஹாலுக்கும் சமையலறைக்கும் பொதுவாக ஒற்றை ப்ளக் பாயிண்ட் போடுவதற்குத்தான் மிச்சம் இருந்தது போலும். இன்னொன்று போட்டுத் தரும்படி விண்ணப்பித்தபோது, வீட்டுக்காரர் இவ்வூரின் சர்வரோக நிவாரணியான "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்ற மந்திரத்தை ஓதி அனுப்பிவிட்டார். அந்த ப்ளக் பாயிண்ட்டுக்குப் பாத்தியதை கொண்டாடுவோர் இருவர். ஒருவர், கோயமுத்தூரிலிருந்து லாரியில் வந்து இறங்கிய அம்மாவின் கிரைண்டர். ஒருமுறை அதைத் தூக்கி வைத்தவர்கள் மறுமுறை தூக்குவதற்கு வருவதில்லை ஆகையால், வைத்த இடத்திலேயே அது லிங்கம்போல் பிரதிஷ்டையாகிவிட்டது. மற்றவர், ஜன்னல் வழியாக நுழையும் இன்டர்நெட் கேபிள் முடிகிற இடத்தில் கண்சிமிட்டிக்கொண்டிருக்கும் ரௌட்டர். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று வாங்கினால் தீர்ந்தது வழக்கு என்று வாசகர் சொல்லக்கூடும். வாங்கினேன். மலிவுச் சரக்கு, கிரைண்டர் இழுத்த இழுப்பில் உருகிக் கருகி நாற்றம் எடுத்தது. அன்றுமுதல் அந்தச் சாதனம் எங்கள் வீட்டிலிருந்து பிரஷ்டம் செய்யப்பட்டிருக்கிறது.

இந்த ரௌட்டரின் முதுகில் ஒட்டிக்கொண்டு, அதனிடமே மின்சாரத்தை யாசகம் வாங்கிப் பிழைப்பதுதான் நான் சொன்ன குட்டிக் கணினி. ராஸ்பெரி பை என்று பெயர். பள்ளிப் பிள்ளைகள் நிரல் எழுதிப் பழகட்டும் என்ற நல்லெண்ணத்தோடு 2012-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் விற்பனைக்கு விட்டார்கள். பிள்ளைகள் எவ்வளவு பழகினார்களோ, என் சிநேகிதர்களில் அதை வாங்காத தகப்பனார் ஒருவரும் இல்லை. மகளுக்காக என்று சொல்லித்தான் நானும் வாங்கினேன். மற்றவர்கள் சனிக்கிழமையில் ஆஞ்சநேயரைத் தேடிப் போவதுபோல் நான் எஸ்.பி. ரோட்டுக்குப் போகிறவன். ஒயரும் பலகையும் பாட்டரியும் குவித்து வைத்திருக்கும் அந்தச் சந்துகளில் ஒன்றும் வாங்காமல் திரும்பியதாக என் சரித்திரத்தில் இல்லை. மகள் அதை இருபுறமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல கார்ட்டூன் வருமாப்பா?" என்று கேட்டாள். வராது என்றேன். அத்துடன் அது என் சொத்தாயிற்று.

அதற்கு நான் கொடுத்த வேலை, வீட்டுக்குள் விளம்பரங்கள் நுழையாமல் தடுப்பது. எந்தக் கைப்பேசியும் ஒரு தளத்தின் பெயரைச் சொல்லி விலாசம் விசாரிக்கும்போது, கேள்வி முதலில் இந்தப் பெட்டியிடம் வரும். நல்லவர்களின் விலாசத்தை அது ஒழுங்காகச் சொல்லும். விளம்பரக்காரர்களின் பெயர் வந்தால் மட்டும், அப்படி ஒருவரும் இந்த ஊரிலேயே இல்லை என்று கூசாமல் கையை விரித்துவிடும். அரிச்சந்திரனைக் கொண்டாடும் தேசத்தில் செய்யத்தக்க காரியம் அல்லவாயினும், பலன் அபாரமாக இருந்தது. ஆனால் இதை நான் பிரதிஷ்டை செய்த மாசம் ஆடி மாசம் என்பதை யோசிக்கவில்லை.

"ஏனுங்க, ஆடித் தள்ளுபடின்னு எல்லாத்துக்கும் போன்ல வருதாம், நமக்கு மட்டும் ஏன் வர மாட்டீங்குது?" என்று என் மனைவி ஒரு நாள் கேட்டாள். நான் பெருமையோடு பெட்டியைக் காட்டி, அதன் மகிமையை ஆதியோடந்தமாக விவரித்தேன். அவள் குறுக்கிடாமல் கேட்டாள். கல்யாணமானவர்கள் அந்த மௌனத்தைக் கண்டதும் பேச்சை நிறுத்தியிருப்பார்கள். "சேலைக்குச் செலவாகும்னு, அதைத் தடுக்கறதுக்கு ஒரு பொட்டி செலவு பண்ணி வாங்கி வெச்சிருக்கீங்க" என்றாள் முடிவில். கமர்ஷியல் தெருவில் நான் அந்தச் சேலையை வாங்கிக் கொடுத்தபோது ஆவணி பிறந்துவிட்டபடியால், தள்ளுபடி இல்லை.

விபத்து நேர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. ஊதா நிற மெட்ரோ 2023 அக்டோபரில் ஒயிட்பீல்டு வரை முழுதாக ஓடத் தொடங்கியதிலிருந்து சாயங்காலத்தில் மனிதனாகவே வீடு திரும்ப முடிகிறது. அன்றும் அல்சூரில் இறங்கி, ஏரிப்பக்கம் சுற்றிக்கொண்டு உற்சாகமாக வந்தேன். வாசலிலேயே மகள், பாதித் தமிழும் பாதிக் கன்னடமுமாக, "அப்பா, நெட் ஹோய்து!" என்று அறிவித்தாள். உள்ளே கிரைண்டர் மங்களகரமாகச் சுழன்றுகொண்டிருந்தது. ரௌட்டரின் ப்ளக் தரையில் கிடந்தது. மாவாட்டி முடிந்து ப்ளக்கைத் திரும்பச் செருகியதும் ரௌட்டர் உயிர் பெற்றுவிட்டது. ஆனால் ராஸ்பெரி பை, ஏதோ எழுதிக்கொண்டிருந்த க்ஷணத்தில் மின்சாரம் பிடுங்கப்பட்டதால், அதன் ஞாபக அட்டை பாதி வாக்கியத்தில் மூர்ச்சையாகி, அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

இப்படி ஒன்று நேர்ந்தால் எங்கள் தொழிலில் போஸ்ட்மார்ட்டம் என்று ஒரு சடங்கு நடத்துவோம். (நான் போனில் அந்த வார்த்தையைச் சொன்ன முதல் நாளில், அம்மா "யாருக்கு சாமி?" என்று நெஞ்சில் கைவைத்துக்கொண்டார்.) யார்மீதும் பழி சுமத்தாமல், 'ஏன்?' என்று ஐந்து தடவை அடுத்தடுத்துக் கேட்டுக்கொண்டே போனால் மூலகாரணம் வெளிப்பட்டுவிடும் என்பது அதன் தத்துவம். ஜப்பானில் டொயோட்டா கம்பெனியார் கண்ட முறை. அவர்களுடைய மோட்டார்த் தொழிற்சாலை இங்கே பிடதியிலேயே இருக்கிறது. அன்றிரவு நான் அதை வீட்டில் பிரயோகித்தேன்.

"எதுக்குங்கம்மா ப்ளக்கைப் பிடுங்கினீங்க?"

"மாவாட்டறதுக்கு."

"மாவு எதுக்குங்கம்மா?"

"நாளைக்கு இட்லி ஊத்தறதுக்கு."

"நாளைக்கு எதுக்குங்கம்மா இட்லி?"

"நீதானே சாமி, ஆபீஸ்ல திங்கறது வவுத்துக்கு ஒத்துக்கலை, நாலு இட்லி கட்டிக் குடுங்கம்மான்னு சொன்னே?"

ஐந்துக்கு அவசியமே இல்லாமல் மூன்றாவது வினாவிலேயே மூலகாரணம் அகப்பட்டுவிட்டது. அது லுங்கி கட்டிக்கொண்டு, கையில் ஸ்குரூ டிரைவரோடு தரையில் உட்கார்ந்திருந்தது.

ஆனாலும் தோல்வியை அவ்வளவு சுலபத்தில் ஒப்புக்கொள்ளுகிறவன் அல்ல நான். மறு சனிக்கிழமை எஸ்.பி. ரோட்டில் ஒரு யூபிஎஸ் வாங்கிவந்தேன். மற்ற வேளையில் மின்சாரத்தைச் சேமித்துக்கொண்டு, மாவாட்டும் முக்கால் மணி நேரத்துக்கு அது ரௌட்டரைக் காப்பாற்றிவிடும் என்பது என் திட்டம். திட்டத்தில் பிழை இல்லை. பிழை, அந்தப் பெட்டியின் பின்புறத்தில் இருந்த நான்கு ஓட்டைகளில் மூன்று சும்மா இருந்ததில். அதைக் கண்ட அம்மா, ப்ளக் பாயிண்ட் இல்லாமல் தான் படும் அவஸ்தையைப் பார்த்துப் பொறுக்காமல் மகன் இத்தனை பணம் செலவு செய்திருக்கிறானே என்று மனம் நெகிழ்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கிரைண்டரை அதில் செருகிவிட்டார். அது வீலென்று அலறிய அலறலில், அவர் அடுப்பை அணைத்து, பேத்தியை இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருவுக்கே ஓடிவிட்டார். பேத்திக்கு அப்போது பத்து வயது.

அன்று சாயங்காலம் மனச்சாந்திக்காக ஏரிக்கரைக்குப் போனேன். அங்கே திருவள்ளுவர் சிலை இருக்கிறது. 1991 முதல் பதினெட்டு வருஷம் மூடிய திரைக்குள்ளேயே காத்திருந்து, 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்டவர். பொறுமையைப் பற்றி அவரிடம் மேற்கொண்டு கேட்க ஒன்றும் இல்லை. ஆனால் என் புத்தியைத் திருப்பியது, அங்கே நினைவுக்கு வந்த ஒரு பழைய புகைப்படம். 1981-ஆம் ஆண்டில் இந்தப் பெங்களூரில்தான் இஸ்ரோ விஞ்ஞானிகள் ஆப்பிள் என்ற செயற்கைக்கோளின் ஆன்டெனாவைச் சோதித்தார்கள். சுற்றிலும் உலோகம் இருந்தால் சோதனை கெடும் என்பதால், அவர்கள் அதை ஒரு மாட்டுவண்டியின்மேல் ஏற்றிவைத்தார்கள். அந்தப் படத்தில் செயற்கைக்கோளைவிட மாடுகளே அதிக நிதானமாகக் காணப்படுகின்றன. விண்வெளிக்குப் போகவேண்டிய வஸ்துவே மாட்டுவண்டியோடு சமாதானம் செய்துகொண்டிருக்கும்போது, விளம்பரத்தைத் தடுக்கிற என் பெட்டிக்கு என்ன ரோஷம் வேண்டிக்கிடக்கிறது?

கணக்குப் போட்டேன். செவ்வாய், சனி இரண்டு நாள், முக்கால் முக்கால் மணி. வருஷத்துக்கு 78 மணி நேரம். ஆக, என் வீட்டுக் கணினி நூற்றுக்கு 99.1 பங்கு நேரந்தான் இயங்க முடியும், இரண்டே ஒன்பது. அம்மாவின் பக்கத்துக் கணக்கையும் நியாயமாகப் போட்டுப் பார்த்தேன்: அவர் இங்கே வந்த எட்டு வருஷத்தில் காலையில் மாவு இல்லை என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அதற்கு எத்தனை ஒன்பது என்று எழுத எங்கள் ஆபீஸ் அட்டவணையில் இடம் கிடையாது.

ஆகவே புதிய ஞாபக அட்டை ஒன்றைச் செருகி, நாலு வரியில் ஒரு நிரல் எழுதினேன். செவ்வாயும் சனியும் மாலை 5.55-க்கு ராஸ்பெரி பை தானாகவே எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டு மரியாதையாகத் தூங்கப் போகும். 6 மணிக்கு அம்மா ப்ளக்கைப் பிடுங்குவார். நான் இதுவரை எழுதிய நிரல்களில் ஒருமுறையும் பழுதாகாதது இது ஒன்றுதான்.

இன்று செவ்வாய்க்கிழமை. வீட்டிலிருந்தே வேலை. மணி 5.50 ஆகிறது, அம்மா உளுந்தைக் கழுவிக்கொண்டிருக்கிறார். இந்தக் கட்டுரையை அதற்குள் பத்திரிகைக்கு அனுப்பியாக வேண்டும்.