கேத்தலின் வெண்படலம்: ஒரு சிற்றாராய்ச்சி

கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படலத்தை அழுக்கு என்று சொல்வது பிழை. அது கல். கண்டிப் பக்கத்து வீடுகளில் அந்தக் கல் எங்கிருந்து வந்தது என்பதைக்கூடச் சொல்லிவிடலாம். அதன் பிறப்பு, அடையாளம், பரிகாரம், விலக்கு ஆகிய நான்கையும் முறைப்படி எடுத்துக்கொள்வோம்.

பிறப்பு

அக்காவும் நானும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே மாதிரிக் கேத்தல் வாங்கினோம். என் வீடு பேராதனையில், பைப் தண்ணீர். அக்கா வீடு திகனயில், கிணற்றுத் தண்ணீர். ஒரு வருடம் கழிந்தது. என் கேத்தலின் அடி வாங்கிய நாளில் இருந்தது போலவே பளபளத்தது. அக்காவுடையதில் நகத்தால் சுரண்டினால் முட்டை ஓடு போலச் செதில் பெயர்ந்து வந்தது. பாத்திரம் கழுவுவதில் அக்கா என்னைவிடக் கெட்டிக்காரி. ஆகவே காரணத்தை நிலத்துக்குள் தேட வேண்டியதாயிற்று.

கண்டி நகரின் குழாய்களுக்கு மகாவலியிலிருந்தும் துனுமடலாவக் காட்டு நீர்த்தேக்கங்களிலிருந்தும் தண்ணீர் வருகிறது. மலைநாட்டுப் பாறையில் பெரும்பகுதி எளிதில் கரையாத கருங்கல் இனம். அதன்மேல் ஓடிவரும் நீர் மென்னீர். ஆனால் அந்தப் பாறைகளுக்கிடையே பளிங்குக்கல் பட்டை பட்டையாக ஓடுகிறது. திகன, மாத்தளைப் பக்கங்களில் அது மேலேயே கிடைக்கிறது. மண்ணுக்குள் இறங்கும் மழைநீர் அங்குள்ள காபனீரொட்சைட்டை ஏற்று இலேசாகப் புளித்து, பளிங்கைக் கரைத்துக் கிணற்றுக்குக் கொண்டு சேர்க்கிறது. கொதிக்கும்போது அந்த வாயு வெளியேறிவிடும். கரைந்த கல் மறுபடி கல்லாகி, சூடு அதிகமான இடத்தில் ஒட்டிக்கொள்ளும்.

இதே திகனயில் வெட்டி அரைக்கும் டொலமைட்டைத்தான் தேயிலைத் தோட்டங்களில் தூவுகிறார்கள். மண்ணின் மிகைப் புளிப்பை அது குறைக்கிறது. செடிக்கு மக்னீசியம் தருகிறது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற தோட்டத்துரை லூல்கந்துரவில் தேயிலை நட்ட கண்டிச் சீமையில், ஒரே கல் செடிக்கு உரமாகவும் தேத்தண்ணி போடும் கேத்தலுக்கு ஓடாகவும் ஆகிறது.

அடையாளம்

மூன்று உண்டு. கேத்தலின் இரைச்சல் கூடும். கொதிக்க நேரம் எடுக்கும், ஏனெனில் கல் ஓடு சூட்டை எளிதில் கடத்தாது. அந்த மேலதிக நேரம் கரண்ட் பில்லில் ஏறும். மூன்றாவது, பிளேன்டீயின் மேல் எண்ணெய் படர்ந்தாற்போல் மெல்லிய ஆடை. இது கடினநீரும் தேயிலைச் சாயமும் சேர்ந்து செய்வது. தேசிக்காய் பிழிந்து போட்டால் அந்த ஆடை வராது.

அந்தத் தேசிக்காயே பரிசோதனைக்கும் உதவும். அக்கா வீட்டுச் செதில் ஒன்றைப் பீங்கான் தட்டில் வைத்து ஒரு துளி சாறு விட்டேன். ஊசிமுனை அளவு குமிழிகள் வரிசையாகக் கிளம்பின. கொதிக்கும்போது வெளியேறியது போக மிச்சம் கல்லுக்குள் சிறைப்பட்டிருந்த வாயு அது.

பரிகாரம்

பிளக்கைக் கழற்றிப் படலத்தைப் பாருங்கள். அது மூழ்குமளவு தண்ணீர் விட்டு, இரண்டு மூன்று தேசிக்காய்ச் சாற்றை வடித்து ஊற்றுங்கள், வினாகிரியும் ஆகும். பிளக்கைச் செருகி ஒருமுறை கொதிக்கவிட்டு, மறுபடி கழற்றி அரைமணி நேரம் வையுங்கள். மெல்லிய துணியால் துடைத்துக் கொட்டுங்கள். பிறகு நல்ல தண்ணீரை இருமுறை கொதிக்கவைத்துக் கொட்டினால் புளிப்பு வாடை போய்விடும். தடித்த படலத்துக்கு இதையே மறுநாளும் செய்ய வேண்டும். அவசரப்பட்டுக் கத்தியால் நெம்பக் கூடாது.

விலக்கு

இரும்புக் கம்பிப் பஞ்சு வேண்டாம். அது போடும் கீறலில் அடுத்த படலம் இன்னும் இறுகப் பிடிக்கும். கேத்தலைத் தண்ணீரில் அமிழ்த்தக் கூடாது. குளோரின் கலந்த வெளுப்பானை வினாகிரியோடோ தேசிக்காயோடோ ஒருபோதும் சேர்க்கக் கூடாது. நச்சு வாயு வரும்.

மூடியைத் திறந்து வைத்துக் கொதிக்கவிடுவதும் தவறு. ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்திலுள்ள கண்டியில் தண்ணீர் 98 பாகையை ஒட்டிக் கொதிக்கிறது, நுவரெலியாவில் 94. இரண்டு ஊரிலும் கேத்தல் தானாக நிற்கிறது, ஏனென்றால் அது 100 பாகைக்குக் காத்திருப்பதில்லை. நீராவி பட்டதும் உள்ளேயிருக்கும் ஈருலோகத் தகடு வளைந்து சுவிட்சைத் தட்டுகிறது. மூடி திறந்திருந்தால் ஆவி அங்கே போகாது. கேத்தல் வற்றும்வரை கொதிக்கும்.

கால அளவு சொல்லி முடிக்கிறேன். பைப் தண்ணீர் வீட்டுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும். பளிங்கு நிலத்துக் கிணறென்றால் மாதம் ஒருமுறை. அக்கா அதற்குப் போயா தினத்தைக் குறித்திருக்கிறாள்: விளக்கைப் புளி போட்டு விளக்கும் அதே காலையில், பக்கத்திலேயே கேத்தலும் தேசிக்காய்த் தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கும்.