கேட்காமலே வெப்சைட் கட்டிக்கொடுப்பது எப்படி?

காரியாபட்டியில் கரி வியாபாரி ஒருவர் வெப்சைட் வேண்டும் என்கிறார் என்று வையுங்கள். அவர் யாருக்கு விற்கிறார் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், பேச ஆரம்பித்துவிடுவார். “எத்தனை பேஜ் வேணும் அண்ணாச்சி?” என்பதோடு நிறுத்துங்கள். அவர் திருதிருவென்று விழித்தால், “பத்துப் பேஜ் போட்டுருவோம்” என்று நீங்களே முடித்துவிடலாம். “மதுரைக்காரன் ஒருத்தன் வச்சிருக்கான்ல தம்பி, அது மாதிரி” என்பார். அந்த மதுரைக்காரன் என்ன தொழில் செய்கிறான் என்பது உங்களுக்கு எதற்கு?

தப்பித்தவறிக்கூடக் கரிமூட்டம் பக்கம் போகாதீர்கள். சீமைக்கருவேல விறகை அடுக்கி, வைக்கோலும் ஈரமண்ணும் போட்டு மூடி, நாள்கணக்கில் புகையவிடும் இடம் அது. புகையைக்கூடச் சமாளித்துவிடலாம், அண்ணாச்சிக்கு வரும் போன்தான் ஆபத்து. தூர்க்கட்டைக் கரியா, கிளைக் கரியா? தூள் எவ்வளவு கிடக்கும்? மழை பெய்ததாமே, மூட்டம் போட்டாச்சா? லோடு என்றைக்கு ஏறும்? இந்தியில் ஒருவர் பேசினால் அண்ணாச்சி மகனைக் கூப்பிட்டுப் போனைக் கொடுத்துவிடுவார். இதையெல்லாம் காதில் வாங்கினால் சைட் ஒரே பக்கத்தில் முடிந்துபோகும்: இன்றைய விலை, கையிருப்பு, கரியின் படம், இந்தியில் நாலு வரி, ஒரு வாட்ஸ்அப் பொத்தான். அப்புறம் பத்துப் பேஜுக்குப் பேசிய காசு?

ஆகவே முகப்பில் ஓடும் படங்கள் வையுங்கள். (1991-ல் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ் லீ பொதுவில் திறந்துவிட்ட உலகின் முதல் வலைத்தளத்தில் வெறும் எழுத்துதான் இருந்தது. பேஜ் கணக்கில் காசு வாங்கத் தெரியாத மனிதர்.) இணையத்தில் கிடைக்கும் பைன் மரக்காட்டுப் படத்தைப் போட்டு, கீழே ‘மரம் வளர்ப்போம்’ என்று எழுதுங்கள். சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2017-ல் உத்தரவிட்ட சீமை இது. அந்த மரத்தைத் தூரோடு தோண்டித்தான் அண்ணாச்சி பிழைக்கிறார். இருந்தாலும் படம் பச்சையாக இருந்தால் பார்க்க லட்சணம்.

போன் நம்பரையும் கேட்க வேண்டாம். பழைய பில் புத்தகத்தில் அச்சடித்திருப்பதையே போடுங்கள். அந்த லேண்ட்லைனைத் துண்டித்து வருஷக்கணக்கானது உங்கள் குற்றமா என்ன?

அடுத்த வருஷம் டொமைன் புதுப்பிக்கப் பணம் கேட்டுப் போகும்போது, “அது மூலமா ஒரு போன்கூட வரலையே தம்பி” என்பார். கலங்காதீர்கள். “வெப்சைட்டெல்லாம் இப்ப யாரு பாக்குறா அண்ணாச்சி? ஆப் ஒண்ணு போட்டுருவோம்” என்று சொல்லி, முன்பணம் எவ்வளவு என்பதை அப்போதே பேசிவிடுங்கள்.