பின்பக்கம் புரட்டிப் பார்க்கிற ஊர்

காஞ்சிபுரத்தில் எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் புரட்டிப் பின்பக்கம் பார்ப்பார்கள். புடவை பார்த்துப் பார்த்து வந்த பழக்கம். முன்பக்கத்தை யார் வேண்டுமானாலும் பளபளவென்று காட்டிவிடலாம். இழை எங்கே அறுந்தது, எங்கே முடிச்சுப் போட்டு ஒப்பேற்றினார்கள் என்பதைப் பின்பக்கம்தான் போட்டுக்கொடுக்கும். தட்டில் வைத்த மைசூர்பாகைக்கூடப் புரட்டிப் பார்த்துவிட்டு வாயில் போடுகிறவர்களை எனக்குத் தெரியும்.

இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் காகிதக் கொலாஜ் செய்கிறேன். பழைய காலண்டர், கல்யாணப் பத்திரிகை, செய்தித்தாள் விளம்பரம் எல்லாவற்றையும் வெட்டியும் கிழித்தும் அட்டையில் ஒட்டி யானை, மயில், ஏரி, வயல் என்று ஆக்குகிற வேலை. முன்பக்கம் மயில் தோகை விரித்திருக்கும். பின்பக்கம் பிஸ்கட் பெட்டி அட்டை, ‘இந்தப் பக்கம் மேலே’ என்ற அம்புக்குறியோடு.

பிள்ளையார்பாளையத்தில் எனக்குப் பெரியப்பா முறை ஆகிற நெசவாளர் ஒருவர் இருக்கிறார். குழித்தறியில் உட்கார்ந்தே தலை நரைத்தவர். என் முதல் மயிலைக் கொண்டுபோய்க் காட்டினேன். முகத்தைப் பார்க்கவில்லை, தோகையைப் பார்க்கவில்லை. கவிழ்த்தார். கொஞ்ச நேரம் அம்புக்குறியையே பார்த்தார்.

“இன்னாடா இது, பின்னாடி இப்டி இருக்குது?”

“அது வெறும் அட்டை பெரியப்பா. பின்னாடி யாரும் பாக்க மாட்டாங்க.”

“நான் பாக்கறேனே.”

அடுத்த கேள்வி, “எத்தினி நாள் வேல?” அதற்கடுத்தது, “கூலி இன்னா?” கலை விமர்சனம் அத்தோடு முடிந்தது. சென்னையில் ஓவியக் கண்காட்சிக்கு வருகிறவர்கள் தாடையைத் தடவிக்கொண்டு கால் மணி நேரம் நிற்பார்கள், என்ன நினைத்தார்கள் என்றே தெரியாது. பெரியப்பாவிடம் அந்தச் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

மூலப்பொருள் விஷயத்தில் மட்டும் எனக்கும் ஊருக்கும் ஒற்றுமை உண்டு. காஞ்சிப் பட்டுக்குப் பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகைக்கு சூரத்தும் வேண்டியிருக்கிறது. என் கொலாஜுக்குச் சிவகாசி. அங்கே காலண்டர் அச்சடிப்பதை நிறுத்தினால் என் வானத்துக்கு நீலம் கிடைக்காது. பச்சைக்கு வேறு வழி வைத்திருக்கிறேன், வீட்டுமனை விளம்பரம். செய்தித்தாளில் அவ்வளவு பசுமை வேறெந்தப் பக்கத்திலும் இல்லை. சுற்றுவட்டார வயலையெல்லாம் பிளாட் போட்டு விற்றுவிட்டு, அந்த விளம்பரத்தில் மட்டும் புல்லைத் தாராளமாக வளர்த்திருப்பார்கள். அதை வெட்டித்தான் மறுபடியும் வயல் நடுகிறேன். பாலாறு இன்னும் சுலபம். ஹார்டுவேர் கடையில் ஒரு உப்புத்தாள் வாங்கிக் குறுக்கே ஒட்டினால் போதும். பார்த்த அத்தனை பேரும், தலைப்பைப் படிக்காமலே, “பாலாறுதானே?” என்றார்கள்.

தங்கத்துக்குக் கல்யாணப் பத்திரிகை. அதில்தான் வம்பு. எங்கள் அத்தை, சாமி படத்தின்மேல் கத்திரிக்கோல் படக் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு போட்டிருக்கிறார். மேலே பிள்ளையார் இல்லாத பத்திரிகையை எந்தத் தமிழன் அச்சடிக்கிறான்? ஒவ்வொரு பத்திரிகையிலும் பிள்ளையாரைச் சுற்றி நாலு விரற்கடை தள்ளி வெட்டுகிறேன். வெட்டி எடுத்த பிள்ளையார்களை எறியவும் முடியாது. ஒரு காலி ஸ்வீட் டப்பாவில் போட்டு வைத்தேன். டப்பா நிறைந்து இன்னொரு டப்பா ஆகி, இப்போது பீரோவின் மேல் தட்டு முழுக்க அவர்தான். வீட்டில் இத்தனை தும்பிக்கை இருந்தும், என் யானைக்குத் தும்பிக்கை ஒட்ட சிமென்ட் விளம்பரத்தைத் தேடி அலைகிறேன். அந்தச் சிமென்ட் தும்பிக்கையையும் ஒரு ராத்திரி கரப்பான் தின்றுவிட்டது. மைதாப் பசை என்றால் அதற்கு விருந்து. பைண்டிங் கடைக்காரர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பது ஏன் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

இந்தக் கலைக்கு மேலிடத்து ஆதரவு இருக்கிறது என்று பெரியப்பாவுக்குப் புரியவைக்கப் பெரிய பெயர்களை எடுத்துவிட்டேன். மத்தீஸ் என்ற பிரெஞ்சு ஓவியர் வயிற்றில் அறுவைச் சிகிச்சை ஆகி, நின்று வரைய முடியாமல் போனபோது கத்திரிக்கோலை எடுத்தார். உதவியாளர்கள் தாளுக்கு வண்ணம் பூசித் தர, இவர் வெட்டித் தர, அவர்களே சுவரில் ஏற்றி நகர்த்தி வைப்பார்கள். 1953-ல் அப்படிச் செய்த ‘நத்தை’ ஒன்பது அடிக்கு மேல் உயரம், லண்டனில் இருக்கிறது.

“ஒம்பது அடியா? நத்தைக்கு அரைப் பொடவை நீளமா?” என்றார் பெரியப்பா. ஆனால் கூட ஆள் வைத்துச் செய்ததை மட்டும் ஒப்புக்கொண்டார். கரையை உடலோடு கோக்கிற கோர்வை போடும்போது உடலுக்கு ஒன்று, இரண்டு பக்கக் கரைக்கும் ஒவ்வொன்று என்று மூன்று நாடா ஓடவேண்டும். பக்கத்தில் ஒரு கை இல்லாமல் ஆகாது.

அடுத்து பினோத் பிஹாரி முகர்ஜியைப் பற்றிச் சொன்னேன். சாந்திநிகேதனில் ஓவிய ஆசிரியர், சத்யஜித் ராய்க்கே வாத்தியார். பிறவியிலேயே கண் பலவீனம். 1957 வாக்கில் கண்புரை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு பார்வை முழுக்கப் போயிற்று. அதற்கப்புறம் வண்ணத்தாளைக் கையால் தடவித் தடவி வெட்டி ஒட்டிப் படம் செய்தார். அவரைப் பற்றி ராய் 1972-ல் ஒரு ஆவணப்படம் எடுத்தார். இதற்குப் பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி கரண்ட் போனால் தறியில் விரலாலேயே இழை தேடுகிறவர் அவர். கடைசியில், “அவரு ஒட்டுனது பின்னாடி எப்டி இருக்கும்?” என்று மட்டும் கேட்டார்.

விலங்குகளைக் காகிதத்தில் வைப்பது இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. பெரியப்பாவின் தறிக்கு மேலேயே ஜக்கார்டு பெட்டி இருக்கிறது. வரைபடத் தாளில் கட்டம் கட்டமாக யாளியோ அன்னமோ வரைந்து, ஒவ்வொரு வரிக்கும் ஒரு அட்டை அடித்து, எல்லாவற்றையும் கோத்துத் தொங்க விடுவார்கள். அட்டையில் துளை இருந்தால் இழை எழும், இல்லாவிட்டால் படுத்துக்கொள்ளும். இப்போது சிலர் கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டதால் பழைய அட்டைகள் மூலையில் கிடக்கின்றன. அதில் ஒரு கட்டு கேட்டு வாங்கிவந்து புள்ளிமான் செய்தேன். புள்ளி வைக்கவே வேண்டாம், துளையே புள்ளி. கொண்டுபோய்க் காட்டினேன். இந்த முறை அவர் கவிழ்க்கவில்லை. மானின் வயிற்றில் விரலை வைத்து, துளைகளை வரிசையாகத் தடவிக்கொண்டே போனார்.

“வயித்துல மாங்கா புட்டா பாதி இருக்குது. மீதி எங்கடா?”

“பின்னங்கால்ல இருக்கும் பெரியப்பா.”

கால்வரை தடவிப் பார்த்தார். இருந்தது. தலைகீழாக.

என் கொலாஜ் கண்காட்சி ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. முகூர்த்தம் இல்லாத மாதம், அதனால் கொடுத்தார்கள். வரதராஜப் பெருமாள் கோயிலில் எல்லோரும் கை உயர்த்தித் தொட்டுக் கும்பிடுகிற பல்லியை மனதில் வைத்து, பத்திரிகைத் தங்கத்தாளில் ஒரு பல்லி செய்து, கொஞ்சம் உயரமாக மாட்டினேன். கீழே ‘தொடாதீர்கள்’ என்று பெரிதாக எழுதியும் வைத்தேன். வேறு எந்த ஊரிலும் அது பலித்திருக்கும். காஞ்சிபுரத்துக்காரன் தலைக்கு மேலே தங்கப் பல்லியைப் பார்த்தால் கை தானாக எழுந்துவிடும். ஒரு பாட்டி பேரனைத் தூக்கித் தொட வைத்தார். இன்னொருவர் பந்தி நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். மதியத்துக்குள் வால் வெள்ளைத்தாளாகிவிட்டது. அதுகூடப் பரவாயில்லை. தொட்டு முடித்த ஒவ்வொருவரும் என்னிடம் வந்து, ஏதோ நான் மறைத்து வைத்திருப்பதுபோல, “வெள்ளிப் பல்லி எங்க?” என்று கேட்டார்கள். கோயிலில் இரண்டும் உண்டே!

விற்பனையும் நடந்தது. புடவைக் கடைக்கு வந்த ஒரு வெளியூர் அம்மாள், பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் உள்ளே வந்தவர், இரட்டை அன்னத்தின் முன் நின்றார். விலையைக் கேட்டார். ஆடிக்கு வந்தால் குறையுமா என்று கேட்டார். பிறகு, எதிர்பார்த்தபடி, சுவரிலிருந்து எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார். பின்பக்கம் நல்ல கெட்டியான புடவைப் பெட்டி அட்டை. பெரியப்பாவுக்குப் பயந்து நான் மாற்றியிருந்தது. அதில் இருந்த கடைப் பெயரைப் படித்ததும் அந்த அம்மாளுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

“பிரேம் வேணாம் தம்பி. நாலா மடிச்சுக் குடுத்துடுங்க, பைல வச்சுக்கறேன்.”