‘நான் எதையும் மாத்தலை’: மெயில் சர்வர் கோளாறுகளில் ஒரு வாக்குமூலம் – ஓர் ஆய்வு

மெயில் சர்வர் படுத்துவிட்ட நாட்களில் அலுவலகங்களில் ஒலிக்கும் வாக்கியங்களுள் ஒன்று மட்டும் ஊர், மொழி, சம்பள வேறுபாடின்றி எங்கும் வழங்கிவருகிறது: “நேத்து வரைக்கும் நல்லாத்தான் போச்சு. நான் எதையும் மாத்தலை.” சிஸ்டம் அட்மின்கள் இவ்வாக்கியத்தைக் காலங்காலமாகப் பொய் என்றே கொண்டு, சொன்னவரைச் சந்தேகத்தோடு பார்த்துவந்துள்ளனர். அது பொய்யன்று, மெய்யே. அந்த மெய்யே கோளாறின் காரணமும் ஆகும் என்று நிறுவுவது இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வு எல்லை மெயில் சர்வரோடு நிற்கிறது. பிரிண்டரும் இதே வாக்கியத்துக்கு உரியதுதான். ஆனால் அதற்குத் தனி முனைவர் பட்டமே தேவைப்படும். சிற்றிலக்கியச் சான்றுகளும் விலக்கப்பட்டுள்ளன. தூது போன அன்னத்துக்கும் மேகத்துக்கும் 550 என்ற மறுப்பு எண் தெரியாது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1971 இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு வலைவழியே கடிதம் அனுப்பினார். ஆள் பெயருக்கும் கணினிப் பெயருக்கும் நடுவே @ குறியை வைத்தவரும் அவரே. 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதிய ஆர்.எஃப்.சி. 821, இரண்டு சர்வர்கள் சந்தித்தால் எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்று வகுத்தது. அதன்படி, பேச வந்த சர்வர் முதலில் ‘ஹெலோ’ சொல்லித் தன் பெயரைக் கூற வேண்டும். பிறகு யாரிடமிருந்து, யாருக்கு என்று சொல்ல வேண்டும். கடிதம் முடிந்ததென்று காட்டத் தனி வரியில் ஒற்றைப் புள்ளி வைக்க வேண்டும். எதிர்த்தரப்பு ஒவ்வொன்றுக்கும் மூன்றிலக்க எண்ணில் பதில் தரும். 2 என்று தொடங்கினால் சரி. 4 என்றால் ‘இப்போது முடியாது, பிறகு வா’. 5 என்றால் ‘இனி வராதே’. சம்பந்தி வீட்டார்கூட இவ்வளவு தெளிவாகப் பேசுவதில்லை.

ஆகவே கோளாறு பேச்சில் இல்லை. அது அமைப்புக் கோப்பில் இருக்கிறது என்பதே மரபான கருத்து. மரபுக்கு நல்ல ஆதாரமும் உண்டு. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் எழுதிய சென்ட்மெயில் 1980களில் இணைய அஞ்சலின் முதுகெலும்பாக இருந்தது. அதன் அமைப்புக் கோப்பைத் திறந்து பார்த்தவர்கள், பூனை கீபோர்டில் நடந்துபோன தடம் என்றே முதலில் நினைப்பார்கள். அட்டையில் வௌவால் படம் போட்டு வந்த அதன் விளக்க நூல் ஆயிரம் பக்கத்தைத் தாண்டியது. ஒரு கோப்புக்கு ஆயிரம் பக்க உரை என்றால், மூலத்தை நேரடியாகப் படித்துப் புரிந்துகொண்டவர் எத்தனை பேர் என்பதை வாசகர் ஊகத்துக்கு விட்டுவிடலாம். இந்த அவஸ்தையிலிருந்துதான் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிலிப் ஹேசலின் எக்ஸிமும் (1995), ஐ.பி.எம். ஆய்வகத்தில் வீட்சே வெனமாவின் போஸ்ட்ஃபிக்ஸும் (1998) பிறந்தன.

இனி முதன்மைச் சான்றுக்கு வரலாம். ட்ரே ஹாரிஸ் என்ற அட்மின் 2002 இல் எழுதிய அனுபவம் இது. நிகழ்ந்தது 1990களில், அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலத்தில். பல்கலைக்கழகப் புள்ளியியல் துறைத் தலைவர் அவரைப் போனில் அழைத்து, தங்கள் துறையிலிருந்து 500 மைலுக்கு அப்பால் மெயில் போகவில்லை என்றார். துல்லியமாகச் சொன்னால் 520 மைல். மெயிலுக்கும் மைலுக்கும் சம்பந்தமில்லை என்று ஹாரிஸ் மரியாதையாக எடுத்துச் சொன்னார். தலைவர் அசரவில்லை. துறையிலேயே புவிப் புள்ளியியல் வல்லுநர் ஒருவர் உட்கார்ந்து வரைபடம் போட்டு ஆராய்ந்துவிட்டாராம். புகார் கொடுக்கப் புள்ளியியல்காரர்கள் வந்தால் இதுதான் விளைவு.

ஹாரிஸ் சோதித்தார். அட்லாண்டாவுக்குப் போனது. 420 மைலில் உள்ள நியூயார்க்குக்குப் போனது. 580 மைலில் உள்ள பிராவிடன்ஸுக்குப் போகவில்லை. பாஸ்டனுக்கும் இல்லை. அதே மாநிலத்தில் வசித்த ஒரு நண்பருக்கு அனுப்பினார். அவருடைய அஞ்சல் கணக்கு சியாட்டிலில் இருந்ததால் அதுவும் போகவில்லை. சர்வருக்கு மனிதர் இருக்கும் ஊர் முக்கியமில்லை, கணினி இருக்கும் ஊர்தான் முக்கியம் என்று தெரிந்து அவருக்குச் சற்று ஆறுதல்.

சில நாள் முன்பு வெளியாள் ஒருவர் வந்து அந்த சர்வரைப் புதுப்பித்திருந்தார். மெயில் அமைப்பைத் தொட்டாயா என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இவ்வாய்வின் தலைப்பு. அதில் பொய் இல்லை. அமைப்புக் கோப்பை அவர் தொடவேயில்லை. அவர் புதுப்பித்தது இயங்குதளத்தை. அது தன்னோடு பழைய சென்ட்மெயில் 5 ஐக் கொண்டுவந்து, இருந்த சென்ட்மெயில் 8 இன் இடத்தில் உட்கார்த்திவிட்டது. புதியதற்காக எழுதிய கோப்பு அப்படியே இருந்தது. அதிலிருந்த நீண்ட கட்டளைப் பெயர்கள் பழையதற்குப் புரியவில்லை. புரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் குப்பையென்று தாண்டிப்போய்விட்டது. அப்படித் தாண்டியதில் ஒன்று, எதிர் சர்வரோடு இணைப்புக் கிடைக்க எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற அளவு. அது பூஜ்ஜியமானது. அந்தக் கணினியில் பூஜ்ஜியம் என்பது நடைமுறையில் 3 மில்லி நொடிக்குச் சற்று அதிகம். 3 மில்லி நொடியில் ஒளி செல்லும் தூரம் ஏறத்தாழ 558 மைல்.

ஒளி போனால் போதுமா, பதில் திரும்பி வர வேண்டாமா என்று கேட்கும் வாசகர்கள் உண்டு. சுவைக்காகச் சில விவரங்களை மாற்றியிருப்பதாக ஹாரிஸே அதில் எழுதியிருக்கிறார் என்பதோடு அவர்கள் அமைதியடைய வேண்டும். இங்கே குறிக்கத் தக்கது, புகார் சொன்னவர் கூறியதும் மெய், எதையும் மாற்றாதவர் கூறியதும் மெய், மெயில் போகாததும் மெய்.

முதற்சான்றில் கோப்பு அசையாமல் நின்றபோது மென்பொருள் நகர்ந்தது. இரண்டாம் சான்றில் நகர்ந்தது உலகம். யார் கடிதத்தையும் கேள்வியில்லாமல் வாங்கி அனுப்பும் திறந்தவெளி சர்வர்களைப் பட்டியலிட்டு வைத்திருந்தது ஓ.ஆர்.டி.பி. என்ற சேவை. எந்த சர்வரும் டி.என்.எஸ். வழியே “இந்த ஐ.பி. முகவரி கெட்டதா?” என்று அதனிடம் கேட்கலாம். 2006 டிசம்பரில் அது கடையை மூடியது. இனி எங்களைக் கேட்காதீர்கள் என்று அறிவித்தது. உலகம் முழுக்க சர்வர்கள் தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருந்தன, ஏனென்றால் யாரும் எதையும் மாற்றவில்லை. 2008 மார்ச் 25 இல் ஓ.ஆர்.டி.பி. வேறு வழியின்றி, கேட்கப்படும் ஒவ்வொரு முகவரியும் கெட்டது என்று பதில் சொல்லத் தொடங்கியது. பதினைந்து மாதம் கோப்பைத் தொடாதிருந்த அலுவலகங்களுக்கு வரவேண்டிய கடிதங்கள் வாசலிலேயே திருப்பியடிக்கப்பட்டன. அன்று காலை அந்த அட்மின்கள் தங்கள் மேலாளர்களிடம் என்ன வாக்கியம் சொல்லியிருப்பார்கள் என்பதற்கு மேற்கோள் தேவையில்லை.

பிற சான்றுகள் சில்லறை. சர்வரின் அடையாளத்துக்கு லெட்ஸ் என்க்ரிப்ட் வழக்கமாகத் தரும் சான்றிதழ் 90 நாளில் காலாவதியாகும். தானாகப் புதுப்பிக்க ஏற்பாடு செய்திருந்தால் புதிய சான்றிதழ் டிஸ்கில் வந்து உட்கார்ந்திருக்கும். பயனருக்கு அஞ்சல்பெட்டியைத் திறந்துகாட்டும் டவ்காட் என்ற மென்பொருளோ பழையதையே மனத்தில் வைத்துக்கொண்டு, யாராவது ‘ரீலோட்’ என்று தட்டியெழுப்பும் வரை அதையே எல்லோரிடமும் நீட்டிக்கொண்டிருக்கும். 2024 பிப்ரவரியில் கூகுளும் யாகூவும், மொத்தமாக மெயில் அனுப்புவோருக்கு எஸ்.பி.எஃப்., டி.கிம், டிமார்க் என்ற அனுப்புநர் சரிபார்ப்பு முறைகள் மூன்றும் கட்டாயம் என்றன. ஜிமெயிலுக்கு நாளொன்றுக்கு 5000 கடிதம் என்பது மொத்தத்தின் எல்லை. பல ஆண்டுகளாக ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த செய்திமடல்கள் அதன்பின் ஸ்பாமில் போய் ஒதுங்கின. அனுப்பியவர் எதையும் மாற்றவில்லை. அதுதான் குற்றம்.

பயனர் தரப்பில் இதே வாக்கியத்துக்கு ஒரு கிளைவழக்கு உண்டு: “எப்பவும் அனுப்புற மாதிரிதான் அனுப்பினேன்.” போஸ்ட்ஃபிக்ஸ் தானாக அனுமதிக்கும் கடித அளவு 1,02,40,000 பைட். இணைப்புகள் பேஸ்64 என்ற குறியாக்கத்தில் மாற்றி அனுப்பப்படுவதால் மூன்று பைட் நான்காக வீங்கும், வரிமுறிவுகள் தனி. கணக்குப் போட்டால் ஏறத்தாழ ஏழரை எம்.பி.க்கு மேல் போகாது. ஏழரை என்ற எண்ணின் குணம் தமிழருக்குத் தெரியும். தமிழில் தலைப்பு எழுதினாலும் இதே வீக்கம்தான்: ‘வணக்கம்’ என்பதில் கணினி எண்ணும் குறியீடுகள் ஏழு, அவை 21 பைட்டாகி, பேஸ்64 இல் 28 எழுத்தாகி, முன்னும் பின்னும் அடையாளக் குறிகள் சேர்ந்து 40 எழுத்தாகப் பயணம் செய்கின்றன.

எதிர்வாதத்தையும் பார்க்க வேண்டும். எதையும் மாற்றாதது குற்றம் என்றால், மாற்றுவது நல்லதா? இக்கேள்விக்கு விடை வெள்ளிக்கிழமை மாலைகளில் கிடைக்கிறது. ‘ரிலே ஆக்சஸ் டினைடு’ என்று 554 எண்ணோடு மறுப்பு வருகிறது. மேலாளர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்கிறார். அட்மின் நம்பிக்கைக்குரிய வலைகளின் பட்டியலில் 0.0.0.0/0 என்று போட்டுவிடுகிறார். பொருள், உலகமே நம் வீட்டு ஆள். மெயில் உடனே போகிறது, பாராட்டும் கிடைக்கிறது. திங்கட்கிழமை வருவதற்குள் முன்பின் தெரியாதவர்களின் மருந்து விளம்பரங்கள் அந்த சர்வர் வழியே போய், அதன் ஐ.பி. முகவரி தடைப்பட்டியல்களில் ஏறியிருக்கும். இவரிடம் விசாரித்தாலும் அதே வாக்கியமே கிடைக்கும் என்பதால், இச்சான்று மட்டும் கருதுகோளுக்கு எதிராக நிற்கிறது.

இத்தனைக்கும் சர்வர் எதையும் மறைப்பதில்லை. யார் வந்தார், என்ன கேட்டார், எதிர்த்தரப்பு எந்த எண்ணைச் சொன்னது என்று ஒவ்வொரு வரியாக லாக் கோப்பில் எழுதிக்கொண்டே இருக்கிறது. இன்னும் போகாத கடிதங்கள் வரிசையில் காத்திருக்கின்றன. போஸ்ட்ஃபிக்ஸில் ஐந்து நாள் வரை காத்திருந்து, அதன்பிறகே அனுப்பியவருக்குத் திரும்புகின்றன. திரும்பி வரும் அந்தக் கடிதம் ஆங்கிலத்தில், நீளமாக, ‘மெயிலர் டீமன்’ என்ற பயமுறுத்தும் பெயரில் வருவதால் பெரும்பாலோர் படிக்காமல் அழித்துவிட்டு, “மெயில் போகலை” என்று மட்டும் தகவல் சொல்கிறார்கள்.

எனவே அலுவலகத்தில் மெயில் வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கடிதம் திரும்பி வந்தால் அதை அழிக்காதீர்கள். 4 அல்லது 5 இல் தொடங்கும் மூன்றிலக்க எண் உள்ள வரியைத் தேடி, அதை வெட்டாமல் அப்படியே உங்கள் சிஸ்டம் அட்மினுக்கு அனுப்பிவையுங்கள். மெயில்தான் போகவில்லை என்பதால் வாட்ஸ்அப்பில் அனுப்பலாம்.