வடத்துல மிச்சம் பிடிக்கும் மருமவனுக்கு

வாரும் மருமவனே, இந்தச் செங்கல் அட்டியில உக்காரும். தலையில மஞ்சத் தொப்பி, நெஞ்சுல அட்டை, கையில போனு. கலியாண மாப்பிள்ளைக்குக்கூட இத்தன அலங்காரம் கிடையாது. அங்க ரெண்டு செயின் பிளாக்குல தொங்குத பீமு ஒரு பக்கம் ஒசந்து ஒரு பக்கம் தாழ்ந்து நிக்குன்னு காலையில இருந்து கூப்பாடு போடுதீராமே. தாழ்ந்த பக்கத்துச் சங்கிலிதான் அம்புட்டுப் பாரத்தையும் சுமக்கு, அறுந்துரும்னு வேற சொன்னீராம். நாலு வருசம் உம்ம அப்பன் கட்டின பீசு வீண்போகல.

பீமு 6 மீட்டர் நீளம், முக்கா அடி அகலம், ஒரு அடி ஒசரம். காங்கிரீட்டு கன மீட்டருக்கு 2,500 கிலோ. ஆக மொத்தம் ஒரு டன்னுக்குச் சித்த மேல. கணக்குக்கு 1,000 கிலோன்னே வையும். மட்டமாத் தொங்கினா சங்கிலிக்கு 500. இப்ப 20 டிகிரி சாஞ்சிருக்கு. மேல ட்ராலியை நகத்தி ரெண்டு சங்கிலியையும் நட்டமாத்தான் வச்சிருக்கான் உம்ம ஆளு. சாஞ்சதால என்ன ஆச்சு? பாரத்தோட மையத்துல இருந்து ரெண்டு சங்கிலிக்கும் உள்ள கிடைத்தூரம் ஒரே அளவுலதான சுருங்குது? அப்ப எவன் கூடச் சுமப்பான்? ரெண்டு முனையிலயும் சங்கிலி மாட்டின வளையம் பீமோட மேல் முகத்துல இருக்கதால மையம் அரை அடி கீழ கிடக்கு. அந்தக் கணக்குல ஒரு 9 கிலோ மாறும். அதுவும் தாழ்ந்த பக்கத்துக்கு இல்ல வே, ஒசந்த பக்கத்துக்கு! அங்க 509, இங்க 491. இந்த ஒம்போது கிலோவுக்கா காலையில இருந்து தொண்டை கட்டிக்கிட்டீரு?

உமக்கு ஏன் அப்படித் தோணுச்சுன்னு எனக்குத் தெரியும். மாடிப்படியில பீரோ ஏத்தும்போது கீழ நிக்கவனுக்குத்தான் மூச்சு முட்டும். அங்க பிடி அடியில, பாரம் பிடிக்கு மேல; சாய்ச்சா அது கீழ நிக்கவன் பக்கம் சரியும். இங்க பாரம் பிடிக்குக் கீழ. அதான் தலைகீழாப் போகுது. நம்ம வீட்டுப் பீரோ ஏத்தினப்ப நீரு மேல் படியில நின்னு "மெதுவா, மெதுவா"ன்னு சத்தம் குடுத்தீரு பாரும், அந்த விஞ்ஞானம் புத்தகம் படிக்காமலே உமக்கு வந்திருக்கு.

நாளைக்குக் கிரேன் வருதாம். கொக்கி ஒண்ணு, வடம் ரெண்டு. ஒரு வடம் 5 மீட்டர், இன்னொண்ணு 4 மீட்டர். ஸ்டோர்ல கெடந்தது அதுதான்னு எடுத்து வச்சிருக்கீரு. பேஷ்! கொக்கி தூக்கினதும் பீமு ஆடி அசைஞ்சு, தன் மையம் கொக்கிக்கு நேர் கீழ வந்தப்புறம்தான் அடங்கும். நீரு விசில் ஊதினாலும் முந்தி அடங்காது. அடங்கும்போது ஒரு 12, 13 டிகிரி சாஞ்சிருக்கும், நீள வடம் கட்டின முனை தாழ்ந்து. எந்த வடத்துக்குப் பாரம் கூட? குட்டை வடத்துக்குன்னுதான சொல்ல வாரீரு? நீளத்துக்குத்தான். வளையத்து அரை அடியை மறந்துட்டுப் பாத்தா, வடத்து நீளம் எந்த விகிதமோ இழுவிசையும் அதே விகிதம், 5க்கு 4. கொக்கியில இருந்து பீமு நடுவுக்கு 3.39 மீட்டர். அதை ரெட்டிச்சு, வடத்து நீளத்தை அதால வகுத்து, எடையால பெருக்கும். நீளத்துக்கு 737 கிலோ, குட்டைக்கு 590.

கூட்டிப் பாரும், 1,327 வருது. பீமு 1,000 கிலோதான, மிச்சம் எங்கேருந்து வந்துச்சு? வடம் ரெண்டும் சாஞ்சு நிக்கதால பக்கவாட்டுல ஒண்ணை ஒண்ணு இழுத்துக்கிட்டு கெடக்கு. அந்த மல்லுக்கட்டுல பீமு ஒரு நூல்கூட மேல ஏறாது. இந்த மாதிரி இழுவிசைக் கணக்குக்கு வழி சொன்னவரு லாமின்னு ஒரு பிரெஞ்சுப் பாதிரியார், 17ஆம் நூற்றாண்டு ஆளு. அவரு பேர்ல இருக்கத் தேற்றத்தை எழுதித்தான் நீரு பாஸானீரு. பரீட்சை முடிஞ்சதும் பாதிரியாரைக் கோயில்லயே விட்டுட்டு வந்துட்டீரு போல.

இனி அந்த மிச்சம் பிடிக்கிற சங்கதி. புது வடத்தைக் கட்டையா வாங்குனா காசு குறையும்னு காண்ட்ராக்டரு சொல்ல, நீரும் தலையாட்டினீராம். அருமையான யோசனை. ரெண்டும் 6 மீட்டர் போட்டா வடம் பீமோட 60 டிகிரியில நிக்கும், ஒவ்வொண்ணுக்கும் 577 கிலோ. அது ஊதாரித்தனம், வேண்டாம். 3.46 மீட்டராக் குறையும். 30 டிகிரி, ஒவ்வொண்ணுக்கும் 1,000 கிலோ! ரெண்டு பேர் சேந்து தூக்கியும் ஒவ்வொருத்தனும் முழு பீமைத் தூக்குதான். இன்னும் சிக்கனம் வேணும்னா 3.1 மீட்டர் சொச்சம் போடும். 15 டிகிரி, 1,930 கிலோ. வடத்துக்கு ஒரு முழத்துக்கும் குறைவாத்தான் மிச்சம், பாரம் கிட்டத்தட்ட ரெட்டிப்பு. போதாததுக்கு பீமை ரெண்டு முனையில இருந்தும் 1,866 கிலோ நெருக்கும், வளையம் பக்கவாட்டுல இழுபட்டுக் காங்கிரீட்டைப் பேத்துக்கிட்டு வரும். வடத்தை மட்டமாவே இழுத்துக் கட்டிட்டா இன்னும் லாபம்தான். என்ன, அதைத் தாங்குத வடம் உலகத்துல எந்தக் கடையிலயும் விக்கல.

சரி, எந்திரியும். 6 மீட்டர்ல ரெண்டு வடம், ஒரே நீளமா, வாங்கியாரச் சொல்லும். பில்லை மாமன் பேர்ல போடும், உம்ம அத்தைகிட்ட நான் திட்டு வாங்கிக்கிடுதேன். அப்புறம், போன் அடிச்சா குளுகுளுன்னு இருக்குன்னு அந்த நிழலுக்கு ஓடிப்போய் நிக்கீரே, அது மரத்து நிழல் இல்ல வே. அண்ணாந்து பாரும்.